மலையேற மறுத்த வீடு

கார் ஓடத் தெரியாத ஆணைக் கலியாணம் கட்டிய பெண்ணுக்கு ஒரு கட்டத்தில் அசட்டுத் தைரியம் வந்துவிடும். முதலில் கார் ஓடுவாள். பிறகு வான். அதோடு யாராவது அவளைச் சும்மா விட்டிருந்தால் நின்றிருப்பாள். என்னை யாரும் சும்மா விடவில்லை, ஆளுக்கு ஆள் தடுத்தார்கள். அதனால்தான் நான் பஸ் வரைக்கும் போனேன்.

என் கணவர் அருள் மன்னாரில் பௌதிகம் படிப்பித்தவர். வேகம், உராய்வு, மையநீக்க விசை எல்லாம் கரும்பலகையில் அவருக்குக் கைகட்டி நிற்கும். ஒக்லாந்துக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவை எல்லாம் சேர்ந்து அவரைப் பழிவாங்கின. லைசென்ஸ் சோதனையில் அவர் எத்தனை தரம் விழுந்தார் என்று எழுத மாட்டேன். (இதை அவர் வாசிப்பார்.) சோதிக்க வந்த அதிகாரி ஒருவர் பாதி வழியில் இறங்கி நடந்தே திரும்பிப் போனார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே எங்கள் வீட்டில் சாரதி நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லின்ஃபீல்டில் வாடகை வீடு. அருளுக்கு மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. எனக்கு ஆசுபத்திரி விரிப்புகள் தோய்க்கும் சலவைச்சாலையில் வேலை. இரண்டு பிள்ளைகள். ஷெரினுக்குப் பத்து வயது, டிலானுக்கு ஏழு. நாங்கள் தமிழில் கேட்போம், அவர்கள் இங்கிலிஷில் பதில் சொல்வார்கள். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

அருள் பேப்பரில் வேறு வாடகை வீடு தேடத் தொடங்கினார். நானும் தேடியிருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ஒரு காட்சியைக் கண்டேன். பழைய பஸ் ஒன்று வந்து நின்றது. சாரதி ஆசனத்திலிருந்து வெறுங்காலோடு ஒரு நரைத்த தலைப் பெண் இறங்கினாள். உள்ளே அடுப்பு, கட்டில், திரைச்சீலை எல்லாம் இருந்தன. ஒரு கதிரையை வெளியே போட்டுக் கடலைப் பார்த்துத் தேத்தண்ணி குடித்தாள். அவள் தன் வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்!

திரும்பி வரும்போது காருக்குள் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, நாங்களும் பஸ்ஸில இருப்பம்."

"பஸ்ஸில எங்க போறது?"

"போறதில்லையப்பா. இருக்கிறது. பஸ்தான் வீடு. விரும்பின நேரம் தெற்குத் தீவுக்குப் போய்ப் பனி மலைக்குக் கீழ நிப்பாட்டிக் காலமை எழும்பலாம்."

அருள் வீடு வரும்வரை யோசித்தார். அவர் எதையும் எல்லாப் பக்கத்தாலும் யோசிப்பவர். நான் காரை நிறுத்தியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கக்கூஸ்?"

அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த மலைகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்து வருடக்கணக்காகியும் வெள்ளையாக நான் கண்டதெல்லாம் ஆசுபத்திரி விரிப்புகள்தான். வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மலையேறும் பஸ் என்றால் என்ன எஞ்சின், என்ன கியர்ப்பெட்டி என்று பார்க்க வேண்டும். இங்கேதான் சேவியர் அண்ணை உள்ளே வருகிறார். அருளின் பெரியப்பா மகன். ஊரில் லொறிக்காரர். மன்னாரிலிருந்து மலைநாட்டு நுவரெலியாவுக்குக் கருவாடு ஏற்றிப்போய், கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றி வந்தவர். நுவரெலியா வீதியின் வளைவுகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் எங்களுக்குத் தலை சுற்றும். மனுரேவாவில் அருளோடு அதே பண்டகசாலையில் வேலை. அருளைக் காரில் கூட்டிப்போய்க் கூட்டி வருபவரும் அவர்தான். ஆகவே அருளுக்கு அவர் சொல்வது வேதம்.

நானும் சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் டீசல் எஞ்சின்கள் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்து, சலவைச்சாலையில் இடைவேளைகளில் வாசித்தேன். முறுக்குவிசை என்றால் என்ன, சின்ன எஞ்சின் மலையில் ஏன் மூச்சு வாங்கும், பெரிய எஞ்சின் ஏன் வாங்காது, எல்லாம் மனப்பாடம். எஞ்சின் அதிகாரம் முழுவதும் முடித்தேன். கியர்ப்பெட்டி அதிகாரத்துக்கு வருவதற்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. (அரைவாசி படித்தவள் முழுதாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று இனிப் பாருங்கள்.)

பாபகூராவுக்கு வெளியே, பழைய பள்ளிக்கூட பஸ்களை வாங்கி விற்கும் பரி என்பவரின் காணிக்கு நாங்கள் மூவரும் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பரி அரைக் காற்சட்டையும் ரப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு குடையில்லாமல் நின்றார். எங்கள் கைக்கு எட்டக்கூடிய பஸ்கள் இரண்டே இரண்டு. ஒன்று பச்சை, சின்ன டீசல் எஞ்சின், கையால் போடும் ஐந்து கியர். மற்றது நீலம், பெரிய டீசல் எஞ்சின், ஓட்டோமற்றிக்.

சேவியர் அண்ணை பச்சை பஸ்ஸில் ஏறி அதன் கியர்த் தடியைப் பிடித்து ஆட்டினார். பழைய சிநேகிதனின் கையைப் பிடிப்பதுபோல இருந்தது. கண் கலங்கிவிட்டார்.

"கியர் எண்டால் இதுதான் கியர்" என்றார்.

"எஞ்சின் சின்னனெல்லோ அண்ணை?" என்றேன்.

"மலையில எஞ்சின் இழுக்கிறேல்லைப் பிள்ளை. கியர்தான் இழுக்கிறது."

"எஞ்சின் இழுக்காட்டி பிறகு என்னத்துக்கு அதைப் பூட்டி வைச்சிருக்கினம்?"

அருள் வானத்தைப் பார்த்தார். சேவியர் அண்ணை என்னைப் பச்சை பஸ்ஸின் ஆசனத்தில் ஏற்றி, கிளச்சை மிதிக்கச் சொன்னார். என் கால் எட்டவில்லை. ஆசனத்தின் நுனிக்கு வந்து என் முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தேன். கிளச் அதைப் பொருட்படுத்தவில்லை. தடியைத் தள்ளினேன். ஒரு தட்டு நிறையக் கரண்டிகளைச் சீமெந்துத் தரையில் கொட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது. பரி கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கி நீல பஸ்ஸில் ஏறினேன். கிளச்சே இல்லை. ஒரு சின்னத் தடி, இரண்டு மிதி. எங்கள் காரைப் போலவே. காணிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வெண்ணெய் மாதிரிப் போனது. அப்போதுகூட என் மனம் முடிவாகவில்லை. சேவியர் அண்ணை அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தார்.

"உது சரிவராது தங்கச்சி. ஓட்டோமற்றிக் எண்டது பொம்பிளையள் கடைக்குப் போய் வாறதுக்குச் செய்தது."

அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் விசாரித்திருப்பேன். நான் நேரே பரியிடம் போய், "நீலத்தை எடுக்கிறேன்" என்றேன்.

பரி நேர்மையான மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார், "நல்ல எஞ்சின். ஆனால் இதில் லொக்-அப் இல்லை. அது தெரியும்தானே?"

"அது பரவாயில்லை" என்றேன் நான். "என் கணவர் ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போடுவார்."

பரி வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். இருவரும் அந்த மழையில் நன்றாகச் சிரித்தோம். வரும் வழியில் அருள் ஒரு கடையில் இறங்கி, கை முட்டி அளவில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினார்.

கனரக வாகன லைசென்ஸ் சோதனையில் முதல் தரமே பாஸ் பண்ணினேன். (முதல் தரமே. இதையும் அவர் வாசிப்பார்.) சேவியர் அண்ணை, "ஓட்டோமற்றிக்கில எடுக்கிறதும் ஒரு லைசென்ஸோ?" என்று கேட்டாராம். கேட்கட்டும்.

பஸ்ஸின் ஆசனங்களைக் கழற்றி வீடாக்கும் வேலையை அருள் ஏற்றார். கட்டிலுக்குத் துல்லியமாக அளவெடுத்தார். பின்சில்லுக்கு மேலே தரை மேடாக எழும்பி நிற்பதை மட்டும் அளக்க மறந்துபோனார். அந்த மேடு கட்டிலின் நடுவில், சரியாக அவர் படுக்கும் பக்கத்தில் வந்தது. கக்கூஸின் கதவு உள்ளே திறந்தது. உள்ளே ஆள் போனால் கதவை மூட முடியாது, கதவை மூடினால் ஆள் போக முடியாது. நான் என் பழைய சேலைகளை வெட்டித் திரைச்சீலை தைத்தேன். சாரதி ஆசனத்துக்கு முன்னால் மடு மாதா படம் ஒன்றை ஒட்டினேன். அந்த இடத்தில் ஒரு சின்ன வட்ட மீற்றர் இருந்தது. மற்ற மீற்றர்கள் எல்லாம் என்னவென்று எனக்குத் தெரியும். இது என்னவென்று தெரியாததால் மாதாவை அதற்கு மேலேயே ஒட்டினேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டோம். இனி எங்களுக்கு வீடு என்று இருந்தது நீல பஸ் மட்டும்தான். ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சுவாமி பஸ்ஸுக்குத் தீர்த்தம் தெளித்தார். தெற்குத் தீவுக்குப் போகுமுன் முதல் பயணம் பீஹா கடற்கரை. ஒக்லாந்தின் மேற்குக் கரையில், மலைக்காட்டைத் தாண்டி, செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டிய இடம். அங்கே முகாம் மைதானத்தில் சில நாள் தங்குவதாக ஏற்பாடு. சேவியர் அண்ணையும் அவர் மனைவி மொனிக்கா அக்காவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களோடு வந்தார்கள். பின்னேரம் நானே திருப்பிக் கொண்டுவந்து விடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பஸ் மலையேறுமா என்று பார்ப்பதற்காகவே சேவியர் அண்ணை வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு முன்னால் அவர் ஏறி, எனக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டார்.

டிட்டிராங்கி தாண்டி ஏற்றம் தொடங்கியது. பெரிய எஞ்சின் கர்ஜித்தது. ஆனால் கர்ஜனைக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தது. சைக்கிளில் வந்த ஒரு கிழவர் எங்களை முந்திப்போய் எங்களுக்குக் கை காட்டினார். கொஞ்சத் தூரத்தில் ஏதோ கருகும் மணம் வந்தது.

"மொனிக்கா அக்கா, கறி அடிப்பிடிக்குது போல!" என்று கத்தினேன்.

மொனிக்கா அக்கா பின்னால் எழுந்து போய், கயிற்றால் கட்டி வைத்திருந்த நண்டுக்கறிச் சட்டியைத் திறந்து பார்த்தா. "அடுப்பே மூட்டேல்லையே பிள்ளை!"

சேவியர் அண்ணை மூக்கை விரித்து மோந்தார். முகத்தில் ஒரு சந்தோசம் பரவியது.

எப்படியோ உச்சிக்கு வந்துவிட்டோம். "பாத்தீங்களே அண்ணை, ஏறீட்டுது" என்றேன். அதைச் சொல்லி வாய் மூடவில்லை, இறக்கம் தொடங்கியது.

அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் பஸ்ஸைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் எஞ்சின் தன்பாட்டில் எங்கோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் தன்பாட்டில் போகத் தொடங்கியது. தடியை இழுத்து ஆகக் குறைந்த கியரில் விட்டேன். ஒரு முனகல் கேட்டது, வேறொரு மாற்றமும் இல்லை. பிரேக்கை மிதித்தேன். வளைவு. மிதித்தேன். இன்னொரு வளைவு. இப்போது புதிதாக ஒரு கருகல் மணம். மிதி மெத்தை மாதிரி இறங்கத் தொடங்கியது.

"கியரைக் குறை! கியரைக் குறை!" என்று சேவியர் அண்ணை கத்தினார்.

"குறைக்கிறதுக்கு இனிக் கியர் இல்லையண்ணை!"

பின்னால் மொனிக்கா அக்கா ஒரு கையால் நண்டுக்கறிச் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையால் செபமாலையை எடுத்து, "அருள் நிறைந்த..." என்று தொடங்கினா.

"என்னக்கா?" என்றார் அருள்.

"உன்னை இல்லையடா!"

ஒரு வளைவில் மரங்கள் விலகிக் கடலும், கடலுக்குள் நிற்கும் ஒரு பெரிய பாறையும் கண்ணுக்கு முன்னால் எழும்பி வந்தன. ஒக்லாந்திலேயே ஆகச் சிறந்த காட்சி அது என்பார்கள். "வாவ்! த பீச்!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். ஸ்டியரிங்கை அப்போது யார் பிடித்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மடு மாதா என்றே நம்புகிறேன்.

கடைசி வளைவுக்குப் பிறகு வீதி சமதரைக்கு வந்தது. முகாம் மைதானத்து வாசலில் தாழை மாதிரியான ஒரு ஃபிளாக்ஸ் புதருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பஸ் நின்றது. முன்சில்லுகளிலிருந்து புகை வந்தது. அலைச்சறுக்குப் பலகைகளோடு நின்ற இளைஞர்கள் எங்களைச் சுற்றி வந்து பார்த்தார்கள். நான் கதவைத் திறந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, எல்லாம் திட்டப்படி நடந்த மாதிரி இறங்கினேன்.

"நல்ல இடம்" என்றேன். "சாப்பிடுவமே?"

நண்டுக்கறியில் ஒரு துளிகூடச் சிந்தியிருக்கவில்லை. அதை யாரும் இப்போது ஞாபகம் வைத்திருப்பதில்லை.

உண்மையான அவமானம் பின்னேரம்தான் வந்தது. பீஹாவுக்கு உள்ளே போக ஒரு வீதி. வெளியே வரவும் அதே வீதிதான். அதாவது இறங்கிய மலையை ஏற வேண்டும். ஞாயிறு பின்னேரம், கடற்கரைக்கு வந்த சனமெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் நேரம். சில்லுகள் ஆறிவிட்டன, பிரேக் மிதியும் பழையபடி இறுகியிருந்தது. சேவியர் அண்ணையைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன வாக்கை நான் காப்பாற்ற வேண்டும்.

முதல் வளைவு வரை போனோம். எஞ்சின் அலறியது. பஸ் நடந்தது. பிறகு தவழ்ந்தது. பிறகு எஞ்சின் மட்டும் அலறியது. அடியிலிருந்து சிவப்பாக எண்ணெய் பீறிட்டு வீதியில் ஓடியது.

"எல்லாரும் இறங்குங்கோ! பாரம் குறையட்டும்!" என்றேன்.

எல்லாரும் இறங்கினார்கள். பஸ் அசையவில்லை. சேவியர் அண்ணை ஓடிப்போய்ப் பின்சில்லுகளுக்குக் கல் வைத்தார். எங்களுக்குப் பின்னால் வளைவைத் தாண்டிக் கீழே கடற்கரை வரை கார்கள் நின்றன. எங்கள் பின்கண்ணாடியில் "பள்ளிக்கூட பஸ்" என்ற பழைய எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. பொறுமையாக நின்றவர்கள், உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு பெண் காரிலிருந்து இறங்கி வந்து, இந்த இடத்திலா பஸ்ஸை நிறுத்துவது என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அழவேண்டும் போல இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இது பஸ் இல்லை. என்னுடைய வீடு. நீ உன் வீட்டை இந்த மலையில் எவ்வளவு தூரம் ஏற்றியிருக்கிறாய்?"

அவள் பஸ்ஸின் ஜன்னலில் தொங்கிய சேலைத் திரையைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, திரும்பிப் போய்க் கார்களைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லித் தானே கை காட்டத் தொடங்கினாள்.

பஸ்ஸைப் பின்புறமாகக் கீழே கொண்டுபோக வேண்டும். கியர் எதுவும் வேலை செய்யவில்லை. கீழே போவதற்குக் கியர் எதற்கு? எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். சேவியர் அண்ணை பின்னால் நின்று, "வரட்டும்... வரட்டும்... வலம் உடை... நேராக்கு..." என்று லொறிக்காரர் குரலில் சத்தம் போட்டார். பீஹா மலையில் அந்தக் குரல் எதிரொலித்தது. ஒரு காரிலும் உரசாமல், ஒரு மரத்திலும் முட்டாமல், எங்கள் வீட்டைப் பின்புறமாக முகாம் மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அது கேலியா பாராட்டா என்று நான் ஆராயவில்லை.

சேவியர் அண்ணையும் மொனிக்கா அக்காவும் அலைச்சறுக்குக்காரரின் வான் ஒன்றில், ஈரப் பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனார்கள். போகும்போது அவர் வான் ஜன்னலால் தலையை நீட்டிச் சொன்னார்.

"உதைப் பரியிட்டத் திருப்பிக் குடுத்திட்டு மற்றதை எடுங்கோ. பிடிவாதம் பிடியாதேங்கோ தங்கச்சி."

"பஸ் மாறாது அண்ணை" என்றேன்.

வான் போன பிறகு பஸ்ஸுக்குள் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். திருப்பிப் போவதற்கு வீடும் இல்லை. அருள் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"ராணி, இறங்கேக்க உனக்குப் பயமா இருந்ததோ?"

"ஓம்" என்றேன். அதை நான் வேறு யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"எனக்கும்தான். ஆனா நீ ஓடேக்க எனக்கு எப்பவும் பயம். இண்டைக்குப் பெரிய வித்தியாசம் தெரியேல்லை."

அழத் தொடங்கியவள் சிரிக்க வேண்டியதாகிவிட்டது.

விடுமுறைக்குப் போயிருந்த பரி சில நாள் கழித்து வந்தார். கடலைப் பார்த்தபடி அந்தச் சில நாளும் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையை இங்கே எழுதினால் பொறாமைப்படுவீர்கள். பரி பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி எதையோ தேடினார். மடு மாதா படத்தின் ஓரத்தை மெதுவாகத் தூக்கினார். உள்ளே அந்தச் சின்ன மீற்றரின் முள் சிவப்பு முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது. கியர்ப்பெட்டி எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீற்றராம்.

"நான்தான் சொன்னேனே, லொக்-அப் இல்லையென்று" என்றார் பரி.

நான் கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டைக் காட்டினேன். பரி பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. பாவம், அன்று நான் பகிடி விடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. லொக்-அப் என்பது பூட்டு இல்லை என்பது எனக்கும்.

அருள் விளக்கினார். ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய இரண்டு விசிறிகள் எதிரெதிராக இருக்கும். ஒன்றை எஞ்சின் சுற்றும். அது எண்ணெயைத் தள்ள, மற்றது சுழன்று சில்லைச் சுற்றும். மலையில் பாரம் கூடும்போது ஒன்று சுற்ற, மற்றது பின்தங்கும். எஞ்சின் பலமெல்லாம் எண்ணெயைக் கொதிக்க வைப்பதில் போய்விடும். இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் அமைப்புத்தான் லொக்-அப். அது இல்லாவிட்டால் இறக்கத்தில் எஞ்சினும் பஸ்ஸைப் பிடித்து வைக்காது.

"இவ்வளவு தெரிஞ்ச மனுசன் இதை ஏன் முன்னுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ கேக்கேல்லையே. பூட்டு வாங்கச் சொன்னாய். வாங்கினன்."

பரி பச்சை பஸ்ஸின் கையால் போடும் கியர்ப்பெட்டியைக் கழற்றி இதற்குப் பூட்டித் தருவதாகச் சொன்னார். முகாம் அலுவலகத்துத் தொலைபேசியில் சேவியர் அண்ணையும் அதையேதான் சொன்னார். அருளும் மெல்லத் தலையாட்டினார். புத்தியுள்ள யாரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். நான் பரியைக் கேட்டேன், "லொக்-அப் உள்ள ஓட்டோமற்றிக் இல்லையா?"

பரி யோசித்தார். ஒன்று இருக்கிறது என்றார். உடைத்துப்போட்ட ஒரு குப்பை லொறியிலிருந்து எடுத்தது.

செய்தி கேட்டு, தொலைபேசிக்குள்ளேயே சேவியர் அண்ணை துள்ளினார். "குப்பை லொறியின்ர கியரோ? எங்கட குடும்பத்துக்கோ?"

"அண்ணை, ஒக்லாந்தில குப்பை லொறி ஏறாத மலை ஏதும் இருக்கோ?"

அவர் டொக்கென்று தொலைபேசியை வைத்தார்.

ஒரு பெரிய இழுவை லொறி வந்து எங்கள் வீட்டை முன்காலைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனது. ஜன்னல்களில் என் கூறைச் சேலை பறந்தது. பாபகூராவில் பரியின் காணியில் குப்பை லொறியின் கியர்ப்பெட்டி உள்ளே போனது. அதோடு எண்ணெயைக் குளிர்விக்க ஒரு ரேடியேட்டரும், இறக்கத்தில் புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே பிரேக்காக்கும் ஒரு சாமானும் பூட்டச் சொன்னேன். இந்த முறை நூலகத்தில் கியர்ப்பெட்டி அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தேன்.

பிறகு சேவியர் அண்ணையை அழைத்தேன். வராமல் விட அவருக்கு மனமில்லை. அதே பக்கத்து ஆசனம், அதே மலை. பீஹாவுக்கு இறங்கினோம். எஞ்சின் உறுமி உறுமிப் பஸ்ஸைப் பிடித்து வைத்தது, பிரேக்கில் கால் பட்டும் படாமலும் வைத்திருந்தேன். கடற்கரையில் திருப்பி ஏறினோம். போன முறை நின்ற வளைவில் எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. அதற்கு மேலால் போகும்போது உள்ளே மெல்லிய ஓர் இடி கேட்டது. லொக்-அப் பிடித்த சத்தம். அதன் பிறகு எஞ்சின் ஒரே சீராகப் பாடியது. மாதா படத்தை வேறிடத்துக்கு மாற்றியிருந்தேன். சின்ன மீற்றரின் முள் நடுவில் அசையாமல் நின்றது.

உச்சியில் நிறுத்தினேன். சேவியர் அண்ணை குனிந்து அந்தச் சின்ன மீற்றரைப் பார்த்தார்.

"எஞ்சின் நல்ல எஞ்சின்" என்றார் கடைசியில்.

கியர்ப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த பஸ்ஸில் நாங்கள் இரண்டு குளிர்காலம் வாழ்ந்தோம். தெற்குத் தீவின் கணவாய்களை ஏறி இறங்கினோம். ஒரு காலை கதவைத் திறந்தபோது மலை முழுக்கப் பனி. நான் வெறுங்காலோடு இறங்கி, கால் விறைத்து, கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். அருளின் முதுகில் சில்லு மேட்டின் அச்சு இன்னும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது விளங்காத விடயத்துக்குத் தலையாட்டினால் பிள்ளைகள் உடனே, "மம், ஹி இஸ் பையிங் எ பூட்டு" என்பார்கள். வங்கியில், வைத்தியரிடம், மோர்ட்கேஜ் கதைக்கும்போது, எங்கும் அதே பேச்சுத்தான். பேரப்பிள்ளைகளும் அதைச் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்ததென்று அவர்களுக்குத் தெரியாது.

ஷெரினின் கலியாணத்தில் சேவியர் அண்ணைக்கு மைக்கைக் கொடுத்தார்கள். அவர் பீஹா கதையைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மலை வருடாவருடம் வளர்ந்து வந்திருக்கிறது. அன்றைக்கு அதற்கு ஒரு பக்கம் பாதாளமும் முளைத்திருந்தது. பஸ் தீப்பிடித்து எரிந்துகொண்டே இறங்கியது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து வியப்போடு கேட்டார்.

"அப்ப அந்த பஸ்ஸை ஓடினது நீங்களோ அங்கிள்?"

நான் மேடைக்குப் போய்ச் சேவியர் அண்ணையிடமிருந்து மைக்கை வாங்கினேன். நாலு பேருக்கு முன்னால் இனியாவது நான் செய்தது பிழை என்று சிரித்து ஒப்புக்கொள்வேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நான்தான் ஓடினனான்" என்றேன். "அந்த ரெண்டு பஸ்ஸையும் திரும்பக் கொண்டுவந்து இந்த வாசலில நிப்பாட்டினாலும், நான் நீலத்தைத்தான் எடுப்பன்."

முதலில் கைதட்டியவர் அருள். அவருக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை.